செயினுக்கு ஊற்றிய எண்ணெய்

படப்பையிலிருந்து ஒரகடத்துக்கு நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போவேன். ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நகராது. அதை நம்பினால் விளங்கினாற்போலத்தான். ஆனால் அந்த வாரம் சைக்கிளே என் காலை வாரியது. மிதிக்க மிதிக்கச் செயின் கழன்றது. இரண்டு நாள் லேட். மூன்றாவது நாளும் லேட்டானால் லைன் ஆட்களின் பெயர் எழுதும் பலகையில் உன் பெயர் இருக்காது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பெயர் போனால் தூத்துக்குடிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே எனக்குக் கல்யாணம் பண்ணிவைக்கத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். போவேனா நான்?

எண்ணெய் போதவில்லை என்று நினைத்துத் தினமும் டப்பாவைக் கவிழ்த்தேன். கீழ்வீட்டு அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

"இன்னாம்மா, தெனிக்கும் அதுக்கு எண்ண தேச்சிக் குளிப்பாட்டிகினு கீற?"

"சிரிக்காதீய அக்கா, எனக்கு வயிறு எரியுது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுச் செயினைத் தடவிப் பார்த்தேன். கரகரவென்றது. லாரிகள் கிளப்பும் மண் அத்தனையும் எண்ணெயில் அப்பி, கண்ணிகள் மடங்காமல் இறுகிக் கிடந்தன.

எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. அடிப் பாவி! கம்பெனியில் என் வேலையே பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதுதான். அளவுக்கு மேல் பிதுங்கினால் ரிஜெக்ட் தட்டில் போடுகிறவள் நான். என் சொந்தச் சைக்கிளுக்கு மட்டும் அபிஷேகம் செய்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். சோப்புத்தூள் தண்ணீரும் பழைய டூத்பிரஷுமாகத் தேய்த்தேன். மூன்று வாளி கறுப்புத் தண்ணீர் போயிற்று. துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். பிறகு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். அது உள்ளே ஊறியதும், வெளியே மினுமினுத்ததை ஒட்டத் துடைத்தேன். கை தானாக டப்பாவுக்குப் போனது. அதைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

மறுநாள் சைக்கிள் சத்தமே இல்லாமல் ஓடியது. ஆறு மணி ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் லைனுக்குள் நுழைந்தேன். சூப்பர்வைசர் பலகை முன்னால் டஸ்டரோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தவர், குனிந்து என் பேன்ட்டைப் பார்த்தார். இரண்டு நாளும் செயின் எண்ணெய்க் கறையோடு வந்த கால், இன்று சுத்தமாக இருந்தது.

"இன்னாம்மா, இன்னிக்கி பஸ்ல வந்தியா?"

"சைக்கிள்லதான் சார் வந்தேன். அந்த டஸ்டரக் கீழ வச்சிருங்க."