கம்பவுண்டர் வாயில் ஏலக்காய்

மருந்து அலமாரியின் பூட்டில் சாவியை நுழைக்கும் முன்பே சுருளியாண்டி ஓர் ஏலக்காயை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வார். கடிக்க மாட்டார். மத்தியானம் வீட்டுக்குப் போகும்வரை அது அங்கேயே கிடக்கும். கேட்டால், "வாய்க்குப் பூட்டு அப்பு" என்பார். போடிநாயக்கனூர் தர்மாஸ்பத்திரியின் கம்பவுண்டர் அவர்.

ஆள் நல்ல உயரம். போட்டிருக்கும் கோட்டு, மாற்றலாகிப்போன டாக்டர் ஒருவர் விட்டுச்சென்றது. அதன் கை, முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிடும். மருந்து கலக்கும்போது யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "சும்மா இருங்கப்பு, கை தப்புனா உசுரு தப்பும்!" என்று ஓர் அதட்டல்.

அந்த ஏலக்காய்க்கு ஒரு கதை உண்டு. சுருளியாண்டி வளர்ந்தது ஏலக்காய்க் களத்தில். மூட்டையைப் பிரித்தால் விற்கிறவன் முதலில் ஒன்றைக் கடித்துக் காட்டவேண்டும்; அப்புறம்தான் அங்கே பேரம். அந்தப் பழக்கத்தோடேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார் மனுஷர். மிக்சர் கலந்தால் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கி வரும் தோட்டத்து ஜனங்களும், "கம்பவுண்டரே குடிக்கிறாரு" என்று மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடும்.

பிறகு வந்தது உத்தரவு. பரீட்சை தேறி சர்ட்டிபிகேட் வாங்காதவன் மருந்து கலக்கக் கூடாதாம். இங்கிலீஷ் சீட்டைப் படிப்பதும் சரக்கை நிறுப்பதும் டாக்டரிடம் கற்றதுதானே என்று தைரியமாகவே மதுரைக்கு வண்டியேறினார். அங்கே பரீட்சை நடத்திய துரை, பேர் ஒட்டாத ஒரு புட்டியை நீட்டி, இது என்ன என்றார். நம்மவர் என்ன செய்வார்? தக்கையைப் பிடுங்கி, விரலை நனைத்து, நாக்குக்குக் கொண்டுபோனார்! துரை பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். உள்ளே இருந்தது விஷச் சரக்கு. அப்படியே வாசலைக் காட்டிவிட்டார்கள்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் வேலையும் போகும். "இந்த நாக்க அறுத்து வச்சுட்டுத்தான் போகணும்" என்று அழாத குறையாக உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி அன்னக்கொடி ஓர் ஏலக்காயை நீட்டினாள். "இத அடக்கிக்கங்க. நாக்கு நீண்டா இது கீழ விழுகும், புத்தி வரும்." மறுபரீட்சையில் அது பலித்துவிட்டது. சர்ட்டிபிகேட்டைக் கொடுக்கும்போதே துரை விரலை ஆட்டி எச்சரித்தார்: இனி மருந்தில் நாக்கு பட்டதாகத் தெரிந்தால் சர்ட்டிபிகேட்டைப் பிடுங்கிவிடுவேன். ஆஸ்பத்திரி டாக்டருக்கும் எழுதிவிட்டார்.

போன வாரம் இருளம்மாள் தன் புருஷன் சோணையை டோலியில் போட்டு மலையிலிருந்து கொண்டுவந்தாள். குளிர்காய்ச்சல், பல் தந்தியடித்தது. சுருளியாண்டி காய்ச்சலுக்கான கொயினா மிக்சரைக் கலந்து நீட்டினார். சோணை உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"முன்னெல்லாம் குடிச்சுக் காட்டுவீகளே அண்ணே, இப்ப என்னத்தக் கலந்திருக்கீக?" என்றாள் இருளம்மாள்.

"நல்ல மருந்துதான் ஆத்தா. ருசி பாக்கக் கூடாதுன்னு சட்டம்."

"நீங்களே தொட மாட்டீக, எம் புருஷன் குடிக்கணுமாக்கும்? தூக்குங்கப்பா, போவோம்."

டோலியைத் தோளுக்கு ஏற்றினார்கள். இந்தக் காய்ச்சலோடு மலையேறினால் ஆள் பிழைக்க மாட்டான். உள்ளறையிலிருந்து டாக்டரின் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது.

"நில்லு ஆத்தா!"

சுருளியாண்டி கடைவாயிலிருந்த ஏலக்காயை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டார். டாக்டர் வரும் வாசலைப் பார்த்தபடியே, அவுன்ஸ் கிளாசைத் தன் நாக்கில் சாய்த்தார்.