மிச்சத்தைச் சொன்னவர்

மரக்காணத்திலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டு பேசினார். "அக்கா போயிட்டாங்க சார். ஆபீஸ்காரங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க." சொன்னேன். "யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் வந்துகொண்டே இருக்கிறது. நண்பர்களே, அது ஸ்டெல்லா இல்லை.

கணினித் திரையில் படம் காட்டும் எங்கள் நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டுக்கு, அதை இயக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருளை அவர் எழுதினார். கார்டின் நினைவகத்தில் எவ்வளவு இடம் காலி என்று மற்ற மென்பொருள்களுக்குச் சொல்வது அந்த டிரைவர்தான். அங்கேயே நான் மருத்துவமனைகளுக்கான ஸ்கேன் மென்பொருளை எழுதினேன். இடம் இருப்பதாக டிரைவர் சொல்லும். நம்பிப் படத்தை ஏற்றுவேன். திரை அப்படியே நின்றுவிடும். பழி என் தலையில் விழுந்தது. ஸ்டெல்லா என் மேசைக்கே வந்தார். "தப்பு உங்களுது இல்ல. எங்க டிரைவர் மொத்தத்த சொல்லுது, மிச்சத்த சொல்லல. மத்த புரோகிராம் புடிச்சு வச்சிருக்கிறத யாரு கழிக்கிறது?"

கழித்துச் சொல்லும்படி மாற்றி எழுதினார். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. "நம்பர் சின்னதா தெரியுது. கஸ்டமர் நம்ம கார்டே சின்னதுன்னு நினைப்பாங்க. பழையபடி விடுங்க." ஸ்டெல்லா கூட்டத்தில் எழுந்து நின்றார். "முடியாது. ஆபரேஷன் நடக்கும்போது ஸ்கிரீன் நின்னா, நீங்க போய் பதில் சொல்லுவீங்களா சார்? இடம் இல்லன்னா இல்லன்னுதான் சொல்லணும்." அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையை உதறிவிட்டு ஊருக்குப் போனார்.

அந்த டிரைவரின் நிரல் பொதுவில் இருந்தது. திருத்தத்தை யாரும் அனுப்பலாம். அவர் அனுப்பினார். அதைப் பராமரிப்பவர்கள் ஏற்கவில்லை. இப்போது காலியாக உள்ள இடம் அடுத்த நொடியே நிரம்பிவிடுமே, சொல்லி என்ன பயன் என்றார்கள். அதற்குள் அவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. புதுச்சேரி மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, மறு கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் படுங்களேன்."

"படுத்துட்டா யாரு பதில் போடுறது? மாறும்னா ஒவ்வொரு தடவையும் கேக்கட்டும். மாறுதுங்கறதுக்காக பொய் சொல்லலாமா?"

விடாமல் வாதாடி ஏற்கவைத்தார். எங்கள் நிறுவனமும் சத்தமில்லாமல் அதையே எடுத்துக்கொண்டது. இப்போது இடம் போதாதென்றால் என் மென்பொருளுக்கு முன்பே தெரிகிறது. படத்தைத் துண்டு துண்டாக ஏற்றுகிறது. திரை நிற்பதில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அந்த மேலாளரும் வந்திருந்தார். "கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருந்தா எங்கேயோ போயிருப்பாங்க" என்றார். "வளைஞ்சிருந்தா நம்ம கார்டு இன்னிக்கும் பொய்தான் சொல்லிட்டிருக்கும் சார்" என்றேன்.

போன வாரம், படம் துண்டுகளாக ஏறுவதைத் தெரிவிக்கும் அறிவிப்பை எடுத்துவிடும்படி நிறுவனத்தில் சொன்னார்கள், பார்ப்பவர்கள் பயப்படுகிறார்களாம். முடியாது என்றேன். ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது 'முடியாது' என்ற அந்த ஒரு சொல்தான். யார் கேட்டாலும் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.