ரோச்சின் ஆம்ப்ளிபயர் மூச்சு விட்ட பகல்

நான் மல்ட்டிமீட்டரை நம்புகிறவன். சாமியாடியை நம்ப மாட்டேன், ஜோசியரை நம்ப மாட்டேன். "உங்களுக்கு மீட்டர்ல காட்டினாத்தான் கடவுளே உண்டு" என்று வீட்டில் மனைவி கேலி செய்வாள். அப்படிப்பட்டவனுக்கு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது. தூத்துக்குடியில், பட்டப்பகலில், என் வீட்டு மேசை மேல் நடந்தது.

எனக்கு ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை. பழைய ஆம்ப்ளிபயர்களைப் பிரித்து, செத்துப்போன கெபாசிட்டர்களைக் கழற்றிவிட்டு நல்லதாகப் போடுவது என் பைத்தியம். அது தெரிந்துதான் டெரன்ஸ் தன் அப்பாவின் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பள்ளியில் என்னோடு படித்தவன். சங்கு குளிக்கிறவன், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பவன்.

"உம்முனு ஒரே இரைச்சலா இருக்குலே. ஞாயித்துக்கிழமை கோயில்ல அப்பா நெனவுக்குப் பூசை. அன்னைக்கு அவரு கேசட்டப் போட்டுக் கேக்கணும்னு அம்மா ஆசப்படுதா. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போயிட்டு வந்து எடுத்துக்கிடுதேன்."

அவன் அப்பா ரோச்சும் சங்கு குளித்தவர்தான். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் இறங்கினார். இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. உடம்பு கிடைக்கவே இல்லை. அதிலிருந்து டெரன்ஸ் கடலுக்குப் போனால், அவன் திரும்பி வரும்வரை அவன் அம்மா கிளாடிஸ் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

"நீயும் அங்கனதான் போயி முங்கணுமாலே?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான்.

"கயிறு பிடிக்கது என் மச்சான் ரெக்சன். தங்கச்சி தாலிய அறுக்க விடுவானா?" என்று சிரித்தான்.

எங்கள் கரையில் பழைய வழக்கம் அது. மூச்சுக்காற்று படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகப் போகும். ஆனால் உயிர், மேலே கயிறு பிடிக்கும் மச்சான் கையில். மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள். கடலில் இறங்கவும் அதே கதைதான்.

டெரன்ஸ் மேசையில் விரலால் தட்டிக் காட்டினான். "ஒரு சுண்டு சுண்டுனா கயிற விடு. விடாம சுண்டுனா தூக்கு."

வெள்ளிக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இருக்காது. அதனால் லீவு போட்டு, விடியலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டேன். உப்பிக் கிடந்த இரண்டு பெரிய கெபாசிட்டர்களைக் கழற்றி, அதைவிடப் பெரியதாக இரண்டு போட்டேன். ஸ்பீக்கரை மாட்டி ஒரு பாட்டும் கேட்டேன். இரைச்சல் சுத்தமாக இல்லை. ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, சாவகாசமாக மூடியைப் பூட்ட உட்கார்ந்தேன்.

கெபாசிட்டர் கரண்டைச் சேர்த்து வைக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் கை வைத்தால் அடிக்கும். அதனால் ரெசிஸ்டரை வைத்து வடித்துவிட்டுத்தான் தொடுவோம். வடித்தேன். மீட்டரில் பூஜ்யம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வோல்ட் காட்டியது. அது சகஜம். வடித்தாலும் அடியில் மிச்சம் இருந்து ஏறும்.

மூன்று வோல்ட்.

மறுபடி வடித்தேன்.

ஒன்பது... இருபது... நாற்பத்தொன்று...

தெருவிலேயே கரண்ட் இல்லை. பிளக் என் மடியில் கிடக்கிறது. 

அப்போதுதான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் கூம்பு மெல்ல வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே... உள்ளே...

ஸ்ஸ்ஸ்... ஹூம்ம்... ஸ்ஸ்ஸ்...

ரப்பர் குழாயில் இழுக்கிற மூச்சு.

மணி பதினொன்று நாற்பது. டெரன்ஸ் இப்போது தண்ணீருக்கு அடியில் இருப்பான்.

மூச்சு வேகமானது.

டக்.

நின்றது.

டக்... டக் டக் டக் டக்...

விடாமல்.

டெரன்ஸ் போன் அணைந்திருந்தது. ரெக்சனுக்கு அடித்தேன். நல்லவேளை, எடுத்தான்.

"ரெக்சா, டெரன்ஸ் எங்க?"

"கீழ இருக்காருண்ணே."

"தூக்கு!"

"கயித்துல அசைவே இல்லயேண்ணே..."

"தூக்குலே!"

கம்ப்ரசர் படபடக்கும் சத்தம். ரெக்சன் முக்கும் சத்தம். "கனக்குதே... ரெண்டாளு கனம் கனக்குதே..."

தண்ணீர் சிதறியது. கூச்சல்.

பிறகு ஓர் இருமல்.

டெரன்ஸ்!

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆனால் ஸ்பீக்கர்...

போனில் டெரன்ஸ் இருமுகிறான். ஸ்பீக்கரில் மூச்சு நிற்கவில்லை.

வெளியே... உள்ளே...

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மூச்சு வந்தது.

குழாய் பாறையில் சிக்கி மடிந்துவிட்டதாம். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். கிளாடிஸ் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவருதாம்பா பிள்ளையக் காப்பாத்திட்டாரு." நானும் அப்படித்தான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கேசட் பாடியது. ஆம்ப்ளிபயரை அம்மா தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து டெரன்ஸ் தனியாக வந்தான். காபி வேண்டாம் என்றான். கதவைச் சாத்தினான்.

"நான் கயித்தச் சுண்டவே இல்லலே."

"பின்ன?"

"இடுப்புக் கயித்த ஒரு கை பிடிச்சிருந்துச்சி. விடாம இழுத்துச்சி." விரலைத் தரைப் பக்கம் நீட்டினான். "மேல இல்ல. கீழ பாத்து."

அப்படியானால் நான் கேட்ட டக் டக், அந்தக் கை இழுத்த இழுப்பு.

"அந்தக் கை விரல்ல அப்பா மோதிரம்," என்றான்.

டெரன்ஸ் அதோடு சங்கு குளிப்பதை விட்டுவிட்டான். இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை. அந்தக் கையைப் பற்றி அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. என்னையும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிவிட்டான். அவள் கும்பிடுகிற அந்த ஆம்ப்ளிபயர் பெட்டியைப் பற்றி எந்த வாயால் சொல்வது?

போன வாரம் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"கரண்ட் போனா பெட்டி பேசுதுப்பா. அவரு குரலேதான். டெரன்ஸ மறுபடி கடலுக்கு அனுப்பச் சொல்லிக் கேக்காரு. நானும் தினமும் அவன்கிட்ட சொல்லிப் பாக்கேன், கேக்க மாட்டேங்கான். நீ ஒரு வார்த்த சொல்லேன். அப்பா இருக்கும்போது அவனுக்கு என்ன பயம்?"