கண்ணில்லாத மானைத் தேடி மருதமுனைக்கு

ஒரு நண்பியின் வீட்டுச் சுவரில் பார்த்த சிவப்பு மான்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, துணியில் அச்செடுத்த மான். செய்தவர் மருதமுனை சகீனா. மூலமோ அம்பாறைக்கு அப்பால், காட்டுக் குகையொன்றில், எழுத்தே இல்லாத காலத்து மனிதர்கள் வரைந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஓகஸ்ட் விடுமுறையில் கிளம்பிவிட்டேன்.

கல்முனையில் காலை 5.30க்கு ஓட்டோ ஏறினேன். குகைக்குப் போய்வர 96 கிலோமீற்றர், 9,500 ரூபாய். பேரம் பேசி 9,000. ஓட்டுநர் நஸீர் நானாவுக்கு என் மேல் பரிதாபம். "கல்லப் பாக்கவா மிஸ் இவ்வளவு தூரம்? எங்கட வளவுக்குள்ளயும் கல் கிடக்கு. சும்மாவே காட்டியிருப்பன்." சம்மாந்துறை தாண்டியதும் அறுவடை முடிந்த வயல்கள், பாதி வீதியில் நெல் காய்ந்தது.

ஓட்டோ நின்ற இடத்திலிருந்து 20 நிமிட நடை. குகைக்குள் அண்ணாந்து பார்த்தால், அதே மான்! கைக்கெட்டாத உயரம் என்பதால் கமராவில் கிட்ட இழுத்து நாற்பது படம் எடுத்துத் தள்ளினேன். நஸீர் நானாவும் அண்ணாந்து பார்த்தார். "உண்மையாவே பழசுதான் மிஸ்" என்றார், ஏதோ நான் அதை விற்க வந்தவள் மாதிரி.

பகல் 12 மணிக்கு மருதமுனை. சகீனா வாப்பா என்று அழைக்கும் தந்தையின் கைத்தறிக் கொட்டிலில் ஒரு மூலைதான் அவரது அச்சுக்கூடம். நாற்பது வயதைத் தாண்டியவர். நுண்கலை படித்துவிட்டு வந்து பதினோரு வருடமாகக் குகை ஓவியங்களைத்தான் செதுக்குகிறார். பலகையில் மை உருட்டி, கஞ்சி போகக் கழுவிய தறித்துணியை அதன்மேல் விரித்து, சிரட்டை அகப்பையின் முதுகால் அழுத்தித் தேய்க்கிறார். கொழும்பில் எத்தனையோ வீடுகளில் அவர் படங்கள் தொங்குகின்றன. சொந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"உருவப்படம் இரிக்கிற வீட்டுக்குள்ள மலக்குமார், அதான் வானவர்கள், வரமாட்டாங்கண்டு வாப்பா சொல்லுவாரு. கண்ணு, முகம் இல்லாட்டி அவருக்குப் பரவாயில்ல. மத்ததெல்லாம் வித்துட்டன் மிஸ். நான் முதல்முதலாச் செதுக்கின இந்த மானைத்தான் ஊட்டுல வைக்க ஆசை. ஆனா இதுக்குக் கண் இரிக்கி. நானே அத எடுத்துட்டா அது பொய்யாயிரும்."

காலையில் எடுத்த படங்களைக் காட்டினேன். மானின் தலையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மிஸ், இது கண்ணில்ல. குளவிக்கூடு."

எனக்கும் தெரிந்தது. மண் கூடு பாதி உடைந்து விழுந்திருந்தது. விழுந்த இடத்தில் மானின் சிவப்புப் பூச்சு இடைவெளியில்லாமல் ஓடியது. கீழே நின்று பார்த்து வரைந்த சகீனா, பதினோரு வருடமாகக் குளவிக்கூட்டைக் கண் என்று அச்சடித்து விற்றிருக்கிறார். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என்ன வேகம்! மரத்தூளைப் பசையில் குழைத்துப் பலகையில் கண்ணிருந்த குழியை அடைத்தார். ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, தேய்த்து மட்டமாக்கி, புதிதாக அச்செடுத்தார்.

பின்னேரத்து அஸர் தொழுகையை முடித்துவிட்டு வாப்பா வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, துணியை வெளிச்சத்தில் பிடித்து, மானின் தலையை மட்டும் பார்த்தார். என் கமராவையும் வாங்கிப் பார்த்தார்.

"கல்லுலயும் இல்லையா?"

"இல்ல வாப்பா."

"அப்ப ஆணி எங்க மகள் கிடக்கு?"

சகீனா அழுதுவிட்டார். நானும்தான்.

பதினோரு வருடம் பார்த்தவருக்கே இப்படியென்றால், நான் அவசரமாகப் பார்த்துவிட்டு வந்த இடங்களில் எதையெல்லாம் தப்பாகப் பார்த்தேனோ தெரியாது. போகிறவர்கள் விடியவே கிளம்புங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் நல்ல சப்பாத்தும் கட்டாயம். ஓவியங்களைத் தொடாதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். கல்முனையிலிருந்து மருதமுனைக்கு ஓட்டோ 400 ரூபாய். வெள்ளிக்கிழமை தறிகள் ஓடாது. சகீனா வீட்டில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. வருகிறவர்களையெல்லாம் வாப்பாவே மானுக்கு முன்னால் நிறுத்தி, கண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்கிறாராம்.