போரிஸ் கட்டிய கோயில்

போன சனிக்கிழமை சிட்னி பக்கம் பிளாக்டவுனில், ஒரு ஹால் முழுக்க ஆட்கள் தங்கள் கன்னத்தில் தாங்களே அடித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த ரஷ்யக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர்மேல் தப்பில்லை. கதையைக் கேளுங்கள்.

போரிஸ், நார்த்மீட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர். ரஷ்யாவில் வாழ்நாள் முழுக்க நாடக மேடைகளுக்கு சீன் வரைந்தவர். பனிக்காடு, அரண்மனை, கடல் – எல்லாம் துணியில். மகளோடு சிட்னிக்கு வந்த பிறகு பிரஷ்ஷைத் தொடவில்லை. வேலி ஓரம் நின்று பேசும்போதெல்லாம் ஒரே கவலைதான்.

"கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. கையும் நடுங்குகிறது. கடைசி வரிசை ஆளை இனி என்னால் நம்பவைக்க முடியுமா?"

எங்கள் தமிழ்ச் சங்க நாடகத்துக்கு ஒரு கோயில் வாசல் தேவைப்பட்டது. வழக்கமாக ஃபிளெக்ஸ் பேனர்தான். நான் சும்மா இருந்திருக்கலாம்... இருந்தேனா? போரிஸை மாட்டிவிட்டேன்.

"ஒரே ஒரு துணி. அதில் தெரிந்துவிடும்," என்றார். "சரியாக வராவிட்டால் பிரஷ் எல்லாம் குப்பைக்குத்தான்."

துணியைத் தரையில் விரித்து, துடைப்பம் நீளத்துக்கு ஒரு பிரஷ்ஷோடு அதன்மேலேயே நடந்து நடந்து வரைவது அவர் பழக்கம். நாடகத்தை இயக்கிய யோகன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார்.

"கோபுரத்துக்கு மேல எல்லோ நிக்கிறார்?"

"சாக்ஸோடதானே அண்ணா நிக்கிறார்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓம்... கீறி முடிச்சாப் பிறகுதானே அது கோயில். இப்ப வெறும் துணி. நடக்கட்டும்."

எந்த ஆகமத்தில் தேடினாலும் இந்தத் தீர்ப்பு கிடைக்காது. நாம் அப்படித்தான். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவோம். அதைப் படிக்கத்தான் மாட்டோம்.

சனிக்கிழமை திரை விலகியது. கல் கோபுரம். வாசலுக்குள் இருட்டு. இருட்டுக்குள் ஒரு சின்ன விளக்கு. முன்வரிசை அன்ரி ஒருவரின் கை தன்னால் கன்னத்துக்குப் போனது. பட், பட். அடுத்த நாற்காலி. அடுத்த வரிசை. அப்படியே கடைசி வரிசை வரை...

போரிஸ் முகம் வெளுத்து எழுந்து போனது அப்போதுதான். கார் பார்க்கில் ஓடிப் பிடித்தேன்.

"அவ்வளவு மோசமா?" என்றார். "எங்கள் ஊரில் பிடிக்காவிட்டால் விசிலடிப்பார்கள். தங்களையே அடித்துக்கொள்ளும் அளவுக்கு நான் என்ன செய்தேன்?"

அது சாமி கும்பிடுவது என்று விளக்கினேன். நம்பவில்லை.

"கடைசி வரிசையுமா?"

"கடைசி வரிசையும்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

நாடகம் முடிந்து துணியைத் தரையில் இறக்கினோம். மடிக்க வேண்டுமென்றால் யாராவது நடுவில் ஏற வேண்டும். யார் ஏறுவது? கமிட்டி மொத்தமும் வெறுங்காலோடு ஓரத்தில் நிற்கிறது. ஹால்காரர் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.

"போரிஸ்தானே அதுக்கு மேல நடந்து பழகின ஆள். அவரைக் கேளுங்கோ," என்றார் யோகன் அண்ணா.

கேட்டேன். போரிஸ் ஷூவைக் கழற்றினார். இந்தத் தடவை சாக்ஸையும் கழற்றினார். துணியின் ஓரம் வரை வந்து நின்றுவிட்டார்.

"நோ," என்றார். "நவ்... டெம்பிள்."

சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புதுசு இல்லையா – கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டார்.