அஸ்தினாபுரத்து உப்பு வரி

சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதென்று, 1972-இல் யூனியன் ஆபீஸ் வாசலில் கல் நட ஏற்பாடு செய்தார்கள். வட்டாரத்துத் தியாகிகளின் பெயர்களை அதில் வெட்ட மாமல்லபுரத்தில் சொல்லியும் ஆகிவிட்டது. சேதி திருவிடந்தைக்கு வந்த அன்றே, பாரதக் கதை சொல்லும் செங்கல்வராயன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தன் பெயர்மேல் ஆசையே இல்லை என்றால் பொய். ஆனால் முதலில் தேசப்பன் பெயர் ஏறியாக வேண்டும்.

தேசப்பன் அவருக்குப் பின்பாட்டு. 1932-இல் திரௌபதியம்மன் கோயில் பந்தலில், மத்தியான வெயிலில், பதினெட்டு நாள் பாரதம். அந்த வருஷம் அஸ்தினாபுரத்தில் துரியோதனன் உப்புக்கு வரி போட்டான். பாரதத்தில் எங்கும் இல்லாத வரி, செங்கல்வராயன் போட்டது. "கடலும் நம்மது, வெயிலும் நம்மது, உப்பு மட்டும் அவனுதா?" என்று தேசப்பன் இழுத்துப் பாடுவான். உப்பளத்து ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். காவலுக்கு வந்த போலீஸ்காரரும் எட்டு நாள் சேர்ந்து சிரித்தார். ஒன்பதாம் நாள் யாரோ புண்ணியவான் அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டான்.

லாக்கப்பில் அடி முழுக்கத் தேசப்பனுக்கு. பாடின வாய் என்று வாயிலேயே உதைத்தார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் செங்கல்வராயன் கைகூப்பி, "பாரதத்துல கீறதத்தான் சொன்னோம் எஜமான், எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதான் கதை" என்று சத்தியம் செய்தார். சொன்ன அழகில் மாஜிஸ்திரேட்டே நம்பி இருவரையும் விட்டுவிட்டார். வீடு வந்த இருபத்தோராம் நாள் தேசப்பன் ரத்தம் கக்கிப் போய்ச் சேர்ந்தான்.

போலீஸ் கண் தன்மேல் இருந்ததால், அடுத்தடுத்த வருஷங்களிலும் செங்கல்வராயன் உப்பு வரியை விடாமல் சொன்னார். விட்டால் சத்தியம் பொய்யாகிவிடுமே என்று பயம். பிறகு அது பழகியும் போனது.

யூனியன் ஆபீஸ் குமாஸ்தா வாசுதேவன் நல்லவர். கெட்டவராக இருந்தால் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். பழைய கோர்ட்டு நகலைத் தேடி வாங்கிப் படித்துக் காட்டினார். 'அரசாங்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. புராணக் கதை மட்டுமே.' கீழே செங்கல்வராயனின் கையெழுத்து.

"அன்னிக்குப் பொய் சொன்னேன் சார்."

"அப்போ கதை கேட்டவங்க யாராவது வந்து சொல்லட்டும் பெரியவரே. நான் எழுதிடறேன்."

விஷயம் தெரிந்து சிரித்த பெரியவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. அன்று பத்து வயசில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பக்தவச்சலத்தைத்தான் கூட்டிப்போக முடிந்தது.

"உப்பு வரின்னு அவர் சொன்னது வெள்ளைக்காரனைத்தானே?" என்று வாசுதேவன் எடுத்துக்கொடுத்தார்.

பக்தவச்சலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா சார் இப்டி கேட்டுட்ட? எங்க அண்ணாத்த இல்லாததச் சொல்ற ஆளா? துரியோதனன் உப்புக்கு வரி போட்டது பாரதத்துலயே கீது சார். எங்க வூட்டுப் பசங்களக் கேளு, அதுங்களே சொல்லும்!"

வாசுதேவன் பேனாவை மூடினார். செங்கல்வராயனுக்குப் பக்தவச்சலத்தின் மேல் கோபம்கூட வரவில்லை. தன் நாக்கின்மேல்தான் வந்தது.

கல் நட்ட அன்று, தேசப்பன் பெண்டாட்டி ஆதியம்மாள் மீன்கூடையோடு வந்து நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அண்ணாத்த, அவரு பேரு எங்க கீது?"

மாஜிஸ்திரேட்டை ஏய்த்தவருக்கு அவளை ஏய்க்க மனசு வரவில்லை.

"இல்ல தங்கச்சி. அது வெறும் பாரதக் கதைதான்னு எழுதிட்டாங்க."

அவள் கல்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெறுங்கதைன்னா, அவர இன்னாத்துக்கு அண்ணாத்த அடிச்சாங்க?"