வெள்ளிக்கிழமைத் தட்டு

திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்புகிற முனையில், சைக்கிள் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவே கோவிந்தம்மாவின் பாட்டுக் கடை இருந்தது. பலகையில் எழுதியிருந்தது என்னவோ அவள் புருஷன் திருமலையின் பெயர்தான். எழுதியிருந்தால் எழுதியிருக்கட்டும். திருமலை உள்ளே உட்கார்ந்து ரிப்பேருக்கு வந்த ரேடியோக்களின் வயிற்றைத் திறந்து ஈயம் வைத்துக்கொண்டிருப்பார். யாராவது கூப்பிட்டால் தலையை ஆட்டுவார், அதோடு சரி. வெளியே உட்கார்ந்து பாட்டுத் தட்டு விற்றவள் கோவிந்தம்மா. ஆகவே அது கோவிந்தம்மா கடை. பழைய ஆட்களைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவள் கடம்பத்தூரில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். சின்ன வயதில் நடவுக்கு வருகிற பெண்கள் பாடுவதைக் கேட்க, சோற்றுக் கூடையை வரப்பிலேயே வைத்துவிட்டு நின்றுவிடுவாளாம். சோறு ஆறிப்போய்விட்டதென்று அப்பாவிடம் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் காது கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. சினிமாப் பாட்டுத் தட்டுகளை அவள் விற்றாள், கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அவள் மனசு இருந்தது வேறு இடத்தில். பட்டணத்தில் சின்னச் சின்னக் கம்பெனிகள் சினிமாவில் இல்லாத ஆட்களைப் பாட வைத்துத் தட்டுப் போட்டன. அந்தத் தட்டுகளை வேறு கடைக்காரர்கள் வாங்குவதில்லை. கோவிந்தம்மா வாங்குவாள். எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்பாள். கேட்டு அதில் ஒன்றை எடுத்துவைப்பாள்.

வெள்ளிக்கிழமை கடையில் கற்பூரம் காட்டியதும் அந்த ஒன்றைப் போடுவாள். கடை வாசலுக்கு மேலே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அது தெரு முழுக்கக் கேட்கும். ஒரு வாரம் அண்ணன் தம்பி இரண்டு பேர் வாசித்த தவில். இன்னொரு வாரம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மேரி என்கிற பெண் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு. அதைச் சித்திரை வெயிலில் போட்டாள். நல்ல பாட்டுக்கு மார்கழி வரட்டும் என்று காத்திருக்க முடியுமா என்று கேட்டாள். ஊரில் இதற்கு வெள்ளிக்கிழமைத் தட்டு என்று பெயரே வந்துவிட்டது. வாங்கிப்போய்ப் பிடிக்காவிட்டால் அடுத்த வெள்ளிக்குள் திருப்பித் தரலாம். ஆனால் எது பிடிக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். சும்மா பிடிக்கவில்லை என்றால் வாங்கிக்கொள்ள மாட்டாள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் தவில் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, காரணம் சொல்லத் தெரியாமல் அங்கேயே நின்று மறுபடி கேட்டு, மறுபடி அதையே எடுத்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் வரதனுக்குப் பிடிக்காது. வரதன் மைக் செட்டுக்காரன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே குழாய் கட்டினாலும் அது அவன் கட்டியதாகத்தான் இருக்கும். கடையில் அதிகமாகத் தட்டு வாங்குகிறவன் அவன். கடை வாசலில் இருந்த குழாயும் அவனுடையதுதான், சிநேகிதத்துக்காகக் கட்டிக் கொடுத்திருந்தான். தான் வாங்கப்போகிற சினிமாப் பாட்டைத் தெருவே கேட்கட்டும் என்று கட்டிய குழாயில் யார் யாரோ பாடுகிறார்களே என்று அவனுக்குப் பொருமல். வெள்ளிக்கிழமைத் தட்டைப் போட்டாலே எழுந்து எதிர் டீக்கடைக்குப் போய்விடுவான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் செல்லியம்மாளின் தட்டு வந்தது. செல்லியம்மாள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் மீன் விற்கிறவள். அந்தப் பக்கம் போன ஒரு சின்னக் கம்பெனிக்காரர், அவள் பாடியதைக் கேட்டுப் பட்டணத்துக்கு அழைத்துப்போய்த் தட்டுப் போட்டிருந்தார். உள்ளங்கையை விரித்தாற்போல் சின்னத் தட்டு. வயலின் இழைய, ஒரு கனத்த குரல் மெதுவாக, மிக மெதுவாகப் பாடியது. கோவிந்தம்மா முதல் தடவை கேட்டபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வந்தவர்களிடமெல்லாம், கல்லையும் அழவைக்கிற பாட்டு வந்திருக்கிறது, கேட்டுவிட்டுப் போங்கள் என்றே சொன்னாள். தெருவும் கேட்டது. வரதன் வழக்கம்போல டீக்கடையில் இருந்தான்.

திரும்பி வந்ததும் அவன் பேச்சை எடுத்தான்.

"அண்ணி, கல்யாணத்துக்கு வர்றவன் தெரிஞ்ச பாட்டக் கேட்டாதான் தலைய ஆட்டுவான். யாரு இன்னான்னே தெரியாததப் போட்டா, செட்ட நிறுத்துன்னுவான்."

"நீ ஒரு வாட்டியாவது போட்டுப் பாத்தியா?"

"போடறேன். திருப்பாச்சூர்ல முனுசாமி ஊட்டுக் கல்யாணம் வருது. அங்க போடறேன். இன்னொரு தபா போடுன்னு யாராவது வாயத் தொறந்து கேட்டா, அப்புறம் நான் போற எடத்துக்கெல்லாம் உங்க வெள்ளிக்கிழமைத் தட்டு வரும். கேக்கலன்னு வெய்யி, இந்தக் குழாய்ல இனிமே சினிமாப் பாட்டுதான். இல்லாட்டி குழாயக் கழட்டிகினு பூடுவேன்."

குழாய் போய்விட்டால் வெள்ளிக்கிழமைத் தட்டு கடைக்குள்ளேயே முனகிக்கொண்டு கிடக்கும், தெருவுக்கு வராது. கோவிந்தம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சரி என்றாள். உள்ளேயிருந்து திருமலை ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ரேடியோவுக்குள் குனிந்துகொண்டார்.

பந்தயத்தோடு நிறுத்தினாளா என்றால் இல்லை. மார்க்கெட்டுக்கு வருகிற மீன்காரிகள் மூலம் செல்லியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாள். உன் பாட்டு கல்யாணத்தில் பாடப்போகிறது, வந்து கேள் என்றாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பொன்னேரி வழியாக பஸ் மாறி மாறி, நல்ல உயரமும் நல்ல சிரிப்புமாக வந்து இறங்கினாள் செல்லியம்மாள். அவள் தன் தட்டை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கம்பெனிக்காரர் தபாலில் ஒன்று அனுப்பியிருந்தார். குப்பத்தில் அதைப் போடப் பாட்டுப் பெட்டி ஏது. சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்திருந்தாள். இப்போதே போட்டுக் காட்டு என்று கெஞ்சிப் பார்த்தாள். கோவிந்தம்மா மசியவில்லை. முதல் முதலாகக் கேட்பது நாலு பேர் நடுவில் கேட்பதாக இருக்கவேண்டும் என்று ஒரே பிடியாகச் சொல்லி, மீன் வாங்கிவந்து அவளையே குழம்பு வைக்கச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் குதிரை வண்டியில் திருப்பாச்சூருக்குப் போனார்கள். கோபுரம் தெரிகிற இடத்துக்கு வண்டி வரும்போதே குழாய்ச் சத்தம் கேட்டது. ஏதோ கீச்சென்று, படபடவென்று, கொலுசு போட்ட அணில் ஓடுகிறாற்போல ஒரு பாட்டு.

"யாரும்மா அது, கொழந்த பாடுது?" என்றாள் செல்லியம்மாள். "தொட்டில்லேந்து எறங்கி வந்து பாடுறாப்புல கீது."

கோவிந்தம்மாவுக்கு வார்த்தைகள் புரிய ஆரம்பித்திருந்தன.

"மொத பஸ்சு பொறப்படுது, மூச்சப் புடிச்சு நடங்கடி,
கூடையில வெள்ளி மினுங்குது, கொண்டு சேக்கணும் குளிரோட."

செல்லியம்மாளின் பாட்டு. ஆனால் அவள் குரல் இல்லை.

நடந்தது இதுதான். வரதன் வழக்கமாகப் போடுவதெல்லாம் பழைய பெரிய தட்டுகள். அவை நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று என்கிற வேகத்தில் சுற்றுபவை. இந்தச் சின்னத் தட்டு நாற்பத்தைந்தில் மெதுவாகச் சுற்றவேண்டியது. வரதன் முள்ளை மட்டும் மாற்றினான், வேகத்தை மாற்ற மறந்தான். வேகம் ஏறினால் குரலும் கீச்சென்று ஏறிவிடும். ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். அவன்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டீக்கடையில் இருந்தவனாயிற்றே. கோவிந்தம்மாவின் புதுப் பாட்டு இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டான்.

பந்தலில் வேறு கதை. பூசணிக்காய் வெட்டுகிற சமையல்காரர்களின் கத்தி அந்தத் தாளத்துக்கே விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குடம் தூக்கிய பெண்கள் ஓட்டமும் நடையுமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தொந்திக்காரர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அத்தை பச்சையம்மா, மஞ்சள் இடித்த உலக்கையும் கையுமாக வந்து, இன்னொரு தபா போடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஜெயிச்சிட்டீங்க," என்றான் வரதன். "காலைலேந்து இதையேதான் கேக்கறாங்க. வேற எதையும் போட உட மாட்டேன்றாங்க."

வேறு யாராக இருந்தாலும் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். கோவிந்தம்மா பெட்டியைப் பார்த்தாள். வேகம் எதில் இருக்கிறது என்று பார்த்தாள்.

"இது அவங்க கொரல் இல்ல வரதா. எலி கொரல். எலிய வெச்சு ஜெயிக்கறது எனக்கு வேணாம்," என்று சொல்லி, குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பித் தட்டை முதலிலிருந்து போட்டாள்.

வயலின் இழைந்தது. கனத்த குரல் மெதுவாக ஏறியது. சமையல்காரர்களின் கத்தி நின்றது. தொந்திக்காரர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்று, எங்கே வைப்பது என்று தெரியாமல் இறக்கினார். பெண்ணைப் பெற்ற முனுசாமி உள்ளேயிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது, கல்யாண ஊட்ல யாரோ பூட்டாப்புல ஒப்பாரி? முன்ன பாடிச்சே, அதையே போடச் சொல்லு."

வரதனின் மீசை லேசாகச் சிரித்தது. கோவிந்தம்மா தன் கையாலேயே தன் குழாயைக் கழற்றியது போல நின்றாள்.

அப்போது பின்னால் ஒரு சத்தம். செல்லியம்மாள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, இதையா நீ அழுவுற பாட்டுன்னு ஊரெல்லாம் சொன்னே?"

அது கூடை நடைப் பாட்டு என்றாள். விடியற்காலம் கரையில் மீன் வாங்கிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கக் குப்பத்துப் பெண்கள் வரிசையாக ஓடுவார்கள். கால் பிசகாமல் இருக்கப் பாடுகிற பாட்டு. பட்டணத்துக் கம்பெனிக்காரர் கண்ணாடி அறைக்குள் நிற்கவைத்து, மெதுவா, இன்னும் மெதுவா, தாலாட்டு மாதிரி என்று கையைக் கையை ஆட்டினார். பெரிய மனுஷர் சொல்கிறாரே என்று பாடிவிட்டு வந்தாள்.

"இந்த வேகத்துல நடந்தா பஸ்சும் பூடும், எறாலும் நாறிப்பூடும்," என்றாள்.

கோவிந்தம்மாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், பிடிவாதம் ஒரு பக்கம். "எனக்கு அழுவ வந்துதேக்கா. அது பொய்யா?" என்று கேட்டாள்.

செல்லியம்மாள் எழுந்து போய், மொய் எழுதுபவர்களைக் கூப்பிட வைத்திருந்த மைக்கை வரதனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பக்கத்திலிருந்த வெற்றிலைக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். கூடை இல்லாமல் தனக்குத் தாளம் வராது என்றாள். பிறகு பாடினாள். எலியின் வேகமும் இல்லை, தாலாட்டின் வேகமும் இல்லை. அவள் நடக்கிற நடை. அவள் குரல். குடம் தூக்கிய பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பந்தலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பச்சையம்மா உலக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் சேர்ந்தாள். நாதஸ்வரக்காரர் தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பார்த்தார், முகூர்த்தம் நெருங்குகிறது என்று ஐயர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் அந்த வரிசை கலைந்தது.

பந்தயம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? தட்டைத்தான் கேட்கவேண்டும், ஆளைக் கேட்டால் கணக்கில் சேராது என்று வரதன் இழுத்தான். கோவிந்தம்மாவும், ஆமாம், சேராது என்றே சொன்னாள். அப்படிப்பட்ட பெண்பிள்ளை.

தாலி கட்டியாயிற்று, பந்தி முடிந்தது. வடை, பாயசம் என்று ஒருகை பார்த்தவர்களெல்லாம் வெற்றிலையை மடித்துக்கொண்டு தூணிலும் சுவரிலும் சாய்ந்திருந்தார்கள். முனுசாமி ஒரு சாக்கை விரித்துக் காலை நீட்டினார். பெண்ணை அனுப்பப்போகிறவர், முகம் காலையில் இருந்தாற்போல இல்லை.

"வரதா," என்றார். "காலைல அந்தம்மா மெதுவாப் போட்டாங்களே, நான்கூட வேணாம்னேன். அதக் கொஞ்சம் போடேன்."

வரதன் கோவிந்தம்மாவைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவனே குமிழைச் சரியாகத் திருப்பி, சின்னத் தட்டைப் போட்டான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. முனுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் துண்டுக்குள்ளேயிருந்து, இன்னொரு தபா என்றார்.

செல்லியம்மாள் வெற்றிலையை மென்றபடி கோவிந்தம்மாவின் தோளை இடித்தாள். "இதுவும் சரிதான் தங்கச்சி. வித்துட்டு ஊட்டுக்குத் திரும்பும்போது நாங்க நடக்கற நடை இது. அந்தக் கம்பெனிக்காரன் தனக்கே தெரியாம எப்படியோ புடிச்சிட்டான்."

வரதன் வாக்குத் தவறவில்லை. அதன்பின் அவன் குழாய் கட்டிய இடத்திலெல்லாம் வெள்ளிக்கிழமைத் தட்டு ஒன்று கட்டாயம் பாடியது. கடையிலும் வெள்ளிக்கிழமைகளில் டீயை இங்கேயே வரவழைத்து உட்கார்ந்து கேட்டான். கோவிந்தம்மா அந்தத் தட்டை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு வேகத்திலும் போட்டுக் காட்டினாள். வேலை நேரத்துக்கு இது, வேலை முடிந்தால் இது என்பாள். கம்பெனிக்காரர் வந்தபோது அவரையும் விடவில்லை. பாடுகிறவர்களை அவர்கள் நடையிலேயே பாட விடுங்கள் என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

அதன்படி மறுவருஷம் செல்லியம்மாளின் இரண்டாவது தட்டு வந்தது. வயலின் கிடையாது. தலையில் கூடையோடு, தன் வேகத்தில் பாடியிருந்தாள். கோவிந்தம்மா கற்பூரம் காட்டினாள். செல்லியம்மாளே நேரில் வந்திருந்தாள். தட்டை நான்தான் போடுவேன் என்று வரதன் ஆசையாகக் கேட்டு வாங்கினான். முள்ளைப் பார்த்துப் பார்த்து மாற்றினான். மறுபடியும் எழுபத்தெட்டில் விட்டுவிட்டான்.

குழாயில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் ஒரேயடியாகப் பறந்தன. சைக்கிள் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். திருமலைகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். செல்லியம்மாள் தலையைச் சாய்த்து முழுப் பாட்டையும் கேட்டு முடித்தாள்.

"பரவால்ல," என்றாள். "இந்த நடை நடந்தா பஸ்சே வேணாம். பஸ்சத் தாண்டி மார்க்கெட்டுக்கே பூடலாம்."